ரெண்டு மாசமா கீகல் பண்றேன், இருமினா இன்னும் லீக் ஆகுது... ஆபரேஷன்தானா?

கேள்வி சுருக்கமா இதுதான். கேட்டவங்களுக்கு 38 வயசு, ரெண்டு பசங்க. மூத்தது ஆயுதம் போட்டு எடுத்த நார்மல் டெலிவரி, ரெண்டாவது சிசேரியன். இருமினா, தும்மினா, பசங்க பின்னாடி ஓடினா கொஞ்சம் யூரின் லீக் ஆகிடுது, கல்யாணம் காட்சின்னு வெளிய போகணும்னா நாப்கின் வெச்சுட்டுதான் கிளம்புறாங்க. வீடியோ பாத்து ரெண்டு மாசமா கீகல் எக்சர்சைஸ், அதாவது யூரின அடக்குற அடிப்பக்க தசைய இறுக்கி விடுற பயிற்சி, பண்றாங்க, எந்த மாற்றமும் தெரியல. இது உண்மையிலேயே வேலை செய்யுமா இல்ல ஆபரேஷன்தான் வழியான்னு கேட்டிருக்காங்க.

நான் பிசியோதெரபிஸ்ட், பல வருஷமா பொம்பளைங்களுக்கு வர்ற இந்த மாதிரி பிரச்சனைய மட்டும்தான் பாக்குறேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

ஆபரேஷன இப்போதைக்கு ஓரமா வைங்க. நீங்க முதல்ல பாக்க வேண்டியது, இந்த ரெண்டு மாசமா நீங்க இறுக்குனது சரியான தசையத்தானான்னு. "கீகல் பண்ணேன் மேடம், ஒரு பிரயோஜனமும் இல்ல"ன்னு வர்றவங்கள நான் செக் பண்ணி பாத்தா, தொடையையும் பின்பக்கத்தையும் இறுக்கிட்டு இருப்பாங்க, இல்லன்னா மேல தூக்குறதுக்கு பதிலா கீழ முக்கிட்டு இருப்பாங்க, இல்லன்னா சரியாத்தான் பண்ணுவாங்க ஆனா சமைக்கும்போது நாலு, டிவி பாக்கும்போது ரெண்டு, ஞாயித்துக்கிழமை லீவுன்னு கணக்கு வழக்கே இருக்காது. இதுல ரெண்டாவதுதான் மோசம். முக்குறது பிரச்சனைய ஜாஸ்திதான் பண்ணும்.

இது என் அனுபவம் மட்டும் இல்ல. 1991ல அமெரிக்காவுல 47 பெண்களுக்கு வாய்வார்த்தையா மட்டும் கீகல் சொல்லிக்கொடுத்துட்டு, பண்ணும்போது அளந்து பாத்தாங்க. கிட்டத்தட்ட பாதி பேருதான் சரியா பண்ணாங்க. கால்வாசி பேரு பண்ண விதம் லீக்க அதிகமாக்குற மாதிரி இருந்துச்சு. டாக்டர் நேர்ல சொல்லியே இந்த நிலைமைன்னா, ரெண்டு நிமிஷ வீடியோ பாத்து பண்றவங்கள குத்தம் சொல்ல முடியுமா?

கீகல்ங்கிற பேரே ஆர்னால்ட் கீகல்னு ஒரு அமெரிக்க மகப்பேறு டாக்டர் பேருதான், 1948ல இதப்பத்தி கட்டுரை எழுதினாரு. அவரு சும்மா "இறுக்குங்க"ன்னு சொல்லி அனுப்பல. தசைய சரியா பிடிக்கத் தெரியுதான்னு பரிசோதிச்சு பாத்தாரு, அதோட உள்ள வெச்சு அழுத்தத்த அளக்குற ஒரு கருவியும் செஞ்சாரு, தான் எவ்வளவு பலமா இறுக்குறோம்னு அந்த பெண்ணே முள் ஏறுறத பாத்து தெரிஞ்சுக்கலாம். 75 வருஷத்துல அந்த சோதிச்சு பாக்குற பாதி காணாம போயி, வெறும் "இறுக்குங்க, விடுங்க" மட்டும் ஊரெல்லாம் சுத்துது.

சரி, அந்த தசை எங்க இருக்கு? முன்னாடி மறைவிடத்துக்கு மேல கை வெச்சா ஒரு எலும்பு தட்டுப்படும்ல, அங்கிருந்து பின்னாடி வால் எலும்பு வரைக்கும் ஒரு தூளி கட்டின மாதிரி விரிஞ்சு இருக்கு. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணும் இந்த தூளியிலதான் உக்காந்திருக்கு. யூரின் வர்ற வழி, குழந்தை வர்ற வழி, மலம் போற வழி மூணும் இத தாண்டித்தான் வெளிய வருது. இதத்தான் பெல்விக் ஃப்ளோர்ங்கிறோம், இடுப்புத்தள தசைன்னு தமிழ்ல சொல்லலாம்.

இருமும்போது ஏன் லீக் ஆகுதுன்னு கேட்டா, தோட்டத்துக்கு தண்ணி விடுற ஹோஸ் பைப்ப நெனச்சுக்கோங்க. சிமெண்ட் தரையில போட்டு கால வெச்சு மிதிச்சா பைப் நசுங்கி தண்ணி நின்னுடும். அதே பைப்ப சேத்துல போட்டு மிதிச்சா? பைப்பும் சேர்ந்து அமுங்கும், தண்ணி பாட்டுக்கு போயிட்டே இருக்கும். இருமல் வயித்துக்குள்ள இருந்து மிதிக்கிற கால், யூரின் குழாய்தான் பைப், தூளி தரை. கர்ப்பத்துல ஒன்பது மாச பாரம், அப்புறம் பிரசவத்துல தாறுமாறா இழுபட்டது, வயசு, மாதவிடாய் நின்னதுக்கு அப்புறம் வர்ற ஹார்மோன் குறைவு, வருஷக்கணக்கா மலச்சிக்கல்ல முக்குறதுன்னு எல்லாம் சேர்ந்து தரைய சேறாக்கிடுது. சிசேரியன் பண்ணவங்களுக்கும் வர்றது இதனாலதான், குழந்தை வெளிய வந்த வழி மாறினாலும் சுமந்தது அதே தூளிதானே.

உங்களுக்கு மூத்தது ஆயுதம் போட்டு எடுத்ததுன்னு சொன்னீங்கல்ல, அத நான் விட்டுட்டு போக மாட்டேன். ஃபோர்செப்ஸ் போட்ட பிரசவத்துல சில பேருக்கு இந்த தசை முன்பக்க எலும்புல இருந்து ஒரு பக்கமா பிஞ்சு போயிருக்க வாய்ப்பு மத்தவங்கள விட அதிகம். அப்படி இருந்தா ஒரு பக்கம் இறுகுறது தெரியும், இன்னொரு பக்கம் வெறிச்சுன்னு இருக்கும். எக்சர்சைஸ் பண்ணா பிஞ்சது ஒட்டாது, ஆனா மிச்சம் இருக்குற தசைய பலப்படுத்த முடியும், அதனால பலன் இல்லன்னு அர்த்தம் இல்ல. விரலால தொட்டு பாத்தாலே ஓரளவு தெரியும், அதனாலதான் உங்க விஷயத்துல ஒரு தடவையாவது நேர்ல காட்டிடுங்கன்னு சொல்றேன்.

இப்ப தசைய கண்டுபிடிக்கிறது. மல்லாக்க படுத்து முட்டிய மடக்கி பாதத்த தரையில வைங்க. கல்யாண பந்தியில உக்காந்திருக்கீங்க, பக்கத்துல சம்பந்தி வீட்டு ஆளுங்க, அந்த நேரம் பாத்து காத்து வருது. எப்படி அடக்குவீங்க? அதேதான். பின்வழிய அப்படி மூடி, அப்படியே முன்னாடி யூரின் வழியையும் மூடி, ரெண்டையும் சேத்து உள்ளுக்குள்ள தொப்புள் பக்கமா தூக்கணும். மூடுறது பாதி, தூக்குறது பாதி. அந்த தூக்குறதத்தான் நிறைய பேரு விட்டுடுறாங்க.

சரியா பண்றோமான்னு தெரிஞ்சுக்க ரூம் கதவ சாத்திட்டு ஒரு கைக்கண்ணாடி எடுத்துக்கோங்க. பின்வழிக்கும் முன்வழிக்கும் நடுவுல இருக்குற இடம், அது உள்ள போய் மேல ஏறணும். வெளிய பிதுங்கி வந்தா நீங்க முக்குறீங்கன்னு அர்த்தம், அப்படியே நிறுத்திடுங்க. கண்ணாடி சரிப்படலன்னா கைய நல்லா கழுவிட்டு கட்டைவிரல உள்ள விட்டு பாருங்க, விரல சுத்தி கவ்வி உள்ள இழுக்கிற மாதிரி இருக்கணும். அதுவும் வேண்டாம்னா ஒரு கைய வயித்துலயும் ஒரு கைய பின்பக்கத்துலயும் வெச்சுக்கிட்டு இறுக்கி ஒண்ணு ரெண்டு மூணுன்னு சத்தமா எண்ணுங்க. பின்பக்கம் கல்லா இறுகினா தப்பு, மூச்ச பிடிச்சதால எண்ண முடியலன்னா அதுவும் தப்பு. அடிவயிறு லேசா இழுபடும், அது பரவாயில்ல.

யூரின் போகும்போது நடுவுல நிறுத்தி பாருங்கன்னு நிறைய பேரு சொல்வாங்க. தினமும் அப்படி பண்ணாதீங்க ப்ளீஸ். மூத்திரப்பை முழுசா காலியாகாம மிச்சம் தங்கும், நீர்க்கடுப்பு இன்ஃபெக்ஷன்னு வேற வினைய இழுத்துவிடும். போகும்போது தசை தளர்ந்து இருக்கணும், அதுதான் அதோட முறை.

ஒரு இட்லிக்கடை அக்கா ஞாபகத்துக்கு வர்றாங்க. அம்பதை தாண்டினவங்க, மாவு குண்டான இறக்கி வெக்கும்போதெல்லாம் புடவை நனைஞ்சிடுதுன்னு வந்தாங்க. "நான் நல்லா பலமாத்தான் பண்றேன் மேடம், பாருங்க"ன்னு செஞ்சு காட்டினாங்க, மூஞ்சி செவந்து கழுத்து நரம்பு புடைச்சுக்கிட்டு, கீழ பாத்தா மொத்தமும் வெளிய தள்ளிக்கிட்டு வருது. அந்தக்கா மேல தப்பே இல்ல. யோசிச்சு பாருங்க, அந்த இடத்த வெச்சு ஒரு வேலை செய்யச்சொல்லி வாழ்க்கையில அவங்களுக்கு யாராவது சொல்லியிருந்தா அது பிரசவ ரூம்ல "முக்கு, நல்லா முக்கு"ன்னு சொன்னது மட்டும்தான். மூணு பிரசவத்துலயும் கத்துக்கொடுத்தத அவங்க ஒழுங்கா செய்றாங்க. கைய வெச்சு "அக்கா, குண்டூசியால குத்தினா அந்த இடம் எப்படி சுருங்கி உள்ள ஓடும், அப்படி"ன்னு சொன்னதும் ரெண்டு செகண்ட் பிடிச்சாங்க பாருங்க, அவங்களுக்கே சிரிப்பு வந்துடுச்சு, "இவ்வளவு சின்னதாவா?"ன்னு கேட்டாங்க. ஆமா, அவ்வளவு சின்னதுதான். பக்கத்துல உக்காந்திருக்கவங்களுக்கு நீங்க பண்றது தெரியுதுன்னா ஏதோ தப்பா பண்றீங்க.

இனி எத்தன தடவ, எவ்வளவு நேரம். இங்கிலாந்துல டாக்டர்களுக்கு வழிகாட்டுற நைஸ் அமைப்பு சொல்ற கணக்கு, ஒரு வேளைக்கு குறைஞ்சது 8 தடவ, ஒரு நாளைக்கு 3 வேளை, குறைஞ்சது 3 மாசம், அதுவும் தெரிஞ்ச ஒருத்தரோட மேற்பார்வையில. இருமினா லீக் ஆகுற வகைக்கு முதல் வைத்தியமே இதுன்னுதான் அவங்க சொல்றாங்க. எவ்வளவு நேரம் பிடிக்கிறதுங்கிறது ஆளுக்கு ஆள் மாறும். வீடியோவுல 10 செகண்ட்னு போட்டிருந்தா நீங்களும் 10 செகண்ட் பிடிக்கணும்னு இல்ல. மூணு செகண்ட்ல தசை நழுவி விட்டுடுதுன்னா உங்க கணக்கு மூணு செகண்ட், அதுக்கு மேல நீங்க இறுக்குறது பின்பக்கத்தையும் பல்லையும்தான். மூணு பிடிங்க, மூணு செகண்ட் முழுசா விடுங்க, அடுத்தது. வாரா வாரம் ஒரு ஒரு செகண்டா ஏத்திட்டு 10 வரைக்கும் போகலாம். முடிஞ்சதும் டக்கு டக்குன்னு இறுக்கி உடனே விடுற மாதிரி ஒரு பத்து. இந்த தசையில மெதுவா ரொம்ப நேரம் தாங்குற நாரும் இருக்கு, சட்டுன்னு பிடிக்கிற நாரும் இருக்கு, தும்மல் வர்ற நேரத்துல வேணுங்கிறது ரெண்டாவது வகை. நிறைய பேரு மெதுவா பிடிக்கிறத மட்டும் பண்ணிட்டு இத விட்டுடுறாங்க.

விடுறதையும் அவசரமா பண்ணாதீங்க. முழுசா தளர்ந்த தசையாலதான் அடுத்த தடவ முழுசா இறுக முடியும். முதல்ல படுத்துக்கிட்டு, அப்புறம் உக்காந்து, அப்புறம் நின்னுக்கிட்டு. படுத்தா பாரம் இல்ல, ஈஸியா வரும், ஆனா யாரும் படுத்துக்கிட்டு குடம் தூக்குறதில்லையே, அதனால ஒரு மாசத்துல நின்னு பண்றதுக்கு வந்துடணும். பல் தேய்க்கும்போது, குக்கர் விசிலுக்கு நிக்கும்போது, ராத்திரி படுத்ததும்னு மூணு வேளைய தினமும் செய்ற ஏதாவது வேலையோட முடிச்சு போட்டுடுங்க, "நேரம் கெடைக்கும்போது"ன்னு விட்டா நேரம் கெடைக்கவே கெடைக்காது.

யோகா போறவங்க மூலபந்தம், அஸ்வினி முத்திரைன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அதுலயும் இதே பக்கத்து தசைகள்தான் வேலை செய்யுது. ஆனா அங்க மூச்ச அடக்கி பண்ணச் சொல்ற பழக்கமும் இருக்கு, லீக் இருக்கிறவங்க மூச்ச அடக்காம, தூக்கும்போது மூச்ச வெளிய விட்டுக்கிட்டு பண்ணுங்க.

இப்ப வர்றது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், வீடியோக்கள்ல பெரும்பாலும் இருக்காது. எக்சர்சைஸ் மட்டும் பண்ணி தசை பலமானா போதாது, தேவைப்படுற அந்த ஒரு செகண்டுக்கு முன்னாடி அது இறுகணும். ரசம் தாளிக்கிறீங்க, எண்ணெய் காஞ்சிடுச்சு, கையில வரமிளகா இருக்கு. போட்டா நெடி ஏறும், இருமல் வரும்னு உங்களுக்கு தெரியும்ல? மிளகாய போடுறதுக்கு முன்னாடி கீழ இறுக்கி தூக்குங்க, அப்புறம் போடுங்க, இருமி முடிச்சுட்டு விடுங்க. தும்மல் மூக்குல ஏறும்போதே இறுக்கிடுங்க. குடத்த தூக்குறதுக்கு முன்னாடி, சேர்ல இருந்து எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி, பஸ் படியில இருந்து குதிச்சு இறங்குறதுக்கு முன்னாடி. ஆங்கிலத்துல இத நாக்னு சொல்றாங்க, அதாவது சூட்சுமம்.

அமெரிக்காவுல மிச்சிகன் யுனிவர்சிட்டியில இத வயசான பெண்கள் 27 பேருகிட்ட சோதிச்சு 1998ல எழுதினாங்க. ஒரே ஒரு வாரம் பழகிட்டு, டிஷ்யூ பேப்பர் வெச்சுக்கிட்டு இருமச் சொன்னாங்க. நடுத்தரமா இருமினப்ப பேப்பர் நனைஞ்ச அளவு 98 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, பலமா இருமினப்ப 73 சதவீதம். ஒரு வாரத்துல யாருக்கும் தசை வளராது. நேரம் பாத்து இறுக்கக் கத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். நீங்களும் இன்னைக்கே ஆரம்பிக்கலாம், தசை பலமாகுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

என் கதையும் இதுதான். அந்த தசை பேரெல்லாம் பரீட்சைக்கு தலைகீழா மனப்பாடம் பண்ணவ நான், ரெண்டாவது குழந்தை பொறந்து நாலு மாசத்துல பஸ் ஸ்டாப்புல ஒரு தும்மலுக்கு சுடிதார் நனைஞ்சு துப்பட்டாவ இடுப்புல கட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். படிச்ச எனக்கே முன்கூட்டி இறுக்குறது தன்னால வர ரெண்டு மாசம் ஆச்சு. ஆரம்பத்துல பத்து தும்மல்ல ஏழுக்கு மறந்துடுவீங்க, பரவாயில்ல.

அப்ப எவ்வளவு நம்பலாம்? 2018ல காக்ரேன்னு மருத்துவ ஆராய்ச்சிகள அலசி பாக்குற அமைப்பு, இந்த எக்சர்சைஸ் பண்ணவங்களையும் எதுவும் பண்ணாதவங்களையும் ஒப்பிட்டு பாத்துச்சு. இருமல் தும்மல் வகை லீக் இருந்தவங்கள்ல, பண்ணவங்க 100க்கு 56 பேரு குணமாயிடுச்சுன்னு சொன்னாங்க, பண்ணாதவங்கள்ல 6 பேரு. மருந்து இல்லாம கத்தி இல்லாம இவ்வளவு கிடைக்கிறது பெரிய விஷயம். எல்லாருக்கும் முழுசா நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா முறையா பண்ணா குறையாதவங்க கம்மி. வித்தியாசம் தெரிய ஆறுல இருந்து எட்டு வாரம் ஆகும், அதனால ரெண்டு வாரத்துல விட்டுடாதீங்க.

இன்னொரு வகை லீக் இருக்கு, அது உங்களுக்கு இருக்கான்னு பாத்துக்கோங்க. வெளிய இருந்து வந்து வீட்டு பூட்ட திறக்கும்போதே அடக்க முடியாம முட்டிக்கிட்டு வரும், குழாய்ல தண்ணி சத்தம் கேட்டா வரும், பாத்ரூம் கதவ திறக்குறதுக்குள்ள போயிடும். இது தூளி பிரச்சனைய விட மூத்திரப்பை அவசரப்படுற பிரச்சனை. ரெண்டும் சேர்ந்து இருக்கிறவங்களும் நிறைய. இந்த அவசரம் வந்தா ஓடாதீங்க, ஓட ஓட அதிகமாகும். நின்ன இடத்துல நில்லுங்க, முடிஞ்சா உக்காருங்க, டக்கு டக்குன்னு அஞ்சாறு தடவ இறுக்கி விடுங்க, மனச வேற எங்கயாவது திருப்புங்க, பால் கணக்கு போடுங்க, 100ல இருந்து ஏழு ஏழா கழிச்சு பாருங்க. அந்த அலை ஒரு நிமிஷத்துல தணியும், அப்புறம் நிதானமா நடந்து போங்க. அடிக்கடி போறவங்க ரெண்டு பாத்ரூமுக்கு நடுவுல இருக்குற நேரத்த பத்து பதினஞ்சு நிமிஷமா நீட்டிக்கிட்டே வந்து மூணு மணி நேரத்துக்கு கொண்டு வரணும், இதுக்கு குறைஞ்சது ஆறு வாரம் எடுக்கும். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மூணு நாள் ஒரு நோட்டுல எத்தன மணிக்கு என்ன குடிச்சீங்க, எப்ப போனீங்க, எப்ப லீக் ஆச்சுன்னு எழுதுங்க. எழுதிட்டு வந்தா என் வேலை பாதி முடிஞ்ச மாதிரி.

"எதுக்கும் ஒரு தடவ போயிட்டு வந்துடுறேன்"ங்கிற பழக்கம் நம்ம ஊர்ல எல்லாருக்கும் உண்டு, வழியில நல்ல பாத்ரூம் இருக்காதுங்கிற பயம்தான் காரணம், அதுல நியாயமும் இருக்கு. ஆனா வீட்ல இருக்கும்போதும் அரை மணிக்கு ஒரு தடவ அப்படி போனா மூத்திரப்பை கொஞ்சம் சேர்ந்ததும் கூப்பிடப் பழகிடும். இதுக்கு நேர் எதிர் பக்கம் கடைகள்ல வேலை பாக்குற பொண்ணுங்க. அவங்களுக்கு உக்கார இடம் தரணும்னு 2021ல தமிழ்நாட்டுல சட்டம் வந்துச்சு, நல்லது, ஆனா பாத்ரூம் போக மாடி ஏறி அனுமதி கேட்டு போகணுமேன்னு காலையில இருந்து தண்ணியே குடிக்காம நிக்கிறவங்கள நான் இன்னும் பாக்குறேன். லீக் இருக்கிறவங்களும் இதே தப்ப பண்றாங்க. தண்ணி குறைச்சா யூரின் மஞ்சளா காட்டமாகி மூத்திரப்பைய எரிச்சல் பண்ணும், மலச்சிக்கல் வரும், முக்குவீங்க, தூளி இன்னும் தொங்கும். நாளைக்கு ஒன்றரை ரெண்டு லிட்டர், வெயில் காலத்துல கூடுதலா குடிங்க, ராத்திரி படுக்கறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி குறைச்சுக்கலாம். காபி டீ நாலஞ்சு தடவ குடிக்கிறவங்க ரெண்டுக்கு வந்து பாருங்க, அவசர வகைக்கு நல்லாவே வித்தியாசம் தெரியும்.

எடை கூடுதலா இருந்தா அதையும் சொல்லித்தான் ஆகணும், திட்டாதீங்க. 2009ல வந்த ஒரு ஆய்வுல சராசரியா 8 சதவீதம் எடை குறைச்சவங்களுக்கு வாரத்துல லீக் ஆகுற தடவை 47 சதவீதம் குறைஞ்சுது. 75 கிலோ இருக்கிறவங்களுக்கு 6 கிலோதான் அது. ஒல்லியாகணும்னு அவசியமே இல்ல. நாள்பட்ட இருமல், சளி இருந்தா அதுக்கும் வைத்தியம் பாருங்க, ஒரு நாளைக்கு நூறு தடவ இருமிட்டு இருபத்தி நாலு தடவ கீகல் பண்ணா கணக்கு எப்படி தேறும்?

யாரெல்லாம் தானா கீகல் ஆரம்பிக்கக் கூடாதுன்னு சொல்லிடுறேன். உறவின்போது வலி, அடிவயித்துல எப்பவும் பிடிச்சுக்கிட்டே இருக்கிற வலி, யூரின் போக உக்காந்தா ஆரம்பிக்கவே நேரமாகுறது, இதெல்லாம் இருந்தா தசை ஏற்கெனவே இறுகிப்போய் இருக்கலாம், அதுக்கு முதல்ல தளர்த்தக் கத்துக்கணும், மேல மேல இறுக்கினா வலிதான் கூடும். யூரின்ல ரத்தம், காய்ச்சலோட எரிச்சல், பிரசவத்துக்கோ கர்ப்பப்பை எடுத்ததுக்கோ அப்புறம் இரவு பகலா சொட்டிக்கிட்டே இருக்கிறது, இதுக்கெல்லாம் டாக்டர்கிட்டதான் போகணும், எக்சர்சைஸ் வேலைக்கு ஆகாது. முதுகுவலியோட சேர்ந்து திடீர்னு உக்கார்ற இடம் மரத்துப்போய் யூரின் வர்றதே தெரியலன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் காலைன்னு தள்ளாதீங்க. அடிக்கடி நிறைய போனா சுகர் டெஸ்ட் எடுத்துடுங்க. ஏதோ உருண்டை கீழ இறங்கி தட்டுப்படுதுன்னா அடி இறங்கியிருக்கான்னு, அதாவது கர்ப்பப்பையோ மூத்திரப்பையோ கீழ சரிஞ்சிருக்கான்னு, மகப்பேறு டாக்டர் பாக்கணும், ஆரம்ப நிலையில இதே எக்சர்சைஸ் உதவும், கூடுதலா இருந்தா உள்ள வெக்கிற ரப்பர் வளையம் இருக்கு. மாதவிடாய் நின்னவங்களுக்கு உள்ள தடவுற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் டாக்டர் குடுப்பாங்க, வறட்சியும் அவசரமும் குறையும்.

நாப்கின் வெக்கிறேன்னீங்க. மாதவிடாய் நாப்கின் ரத்தத்துக்காக செஞ்சது, யூரின் வேகமா வர்றத அது சரியா உறிஞ்சாது, ஈரமா நின்னு புண்ணாகும். மெடிக்கல்ல யூரினுக்குன்னே பேட் இருக்கு, வெல கொஞ்சம் கூடத்தான்.

ஆபரேஷன்னு கேட்டதுக்கும் பதில் சொல்லிடுறேன். யூரின் குழாய்க்கு அடியில ஒரு பட்டை வெச்சு தாங்குற முறை 1990கள்ல ஸ்வீடன்ல ஆரம்பிச்சது, நிறைய பேருக்கு நல்லா வேலையும் செய்யுது. ஆனா அந்த வலைப்பட்டையால வலி, பட்டை உள்ள திசுவ அரிச்சுக்கிட்டு வெளிய வர்றதுன்னு அவதிப்பட்டவங்க புகாரால 2018ல இங்கிலாந்துல அத தற்காலிகமா நிறுத்தி வெச்சாங்க. சொந்த திசுவ எடுத்து பண்ற முறையும் இருக்கு. இன்னொரு குழந்தை யோசனை இருந்தா பொதுவா அதுக்கு அப்புறம்தான் பண்ணச் சொல்வாங்க. மூணு மாசம் சரியான மேற்பார்வையில பண்ணி பாத்துட்டு, அப்பவும் உங்களுக்கு தொந்தரவா இருந்தா டாக்டர்கிட்ட பேசுங்க, அதுல தப்பு எதுவும் இல்ல. ஆனா உக்காந்தாலே சரியாகிடும்னு பெரிய தொகை வாங்குற நாற்காலி, மெஷின்லாம் முதல்ல தேவையே இல்ல. தசைய கொஞ்சம்கூட உணரவே முடியாதவங்களுக்கு கரண்ட் தூண்டல் உதவும், அத யாருக்கு தேவைன்னு பாத்துதான் குடுக்கணும்.

நேர்ல காட்டணும்னா "பெல்விக் ஃப்ளோர் பாக்குற பிசியோ இருக்காங்களா"ன்னு அப்படியே கேளுங்க. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல பிசியோ பிரிவு இருக்கு, மகப்பேறு டாக்டர் சீட்டு எழுதி அனுப்புவாங்க. உள்ள விரல் வெச்சு பாக்குறது உங்க சம்மதத்தோடதான், வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம், கூட அம்மாவயோ அக்காவயோ வெச்சுக்கலாம். கூச்சமா இருந்தா வயித்து மேலயே ஸ்கேன் வெச்சு நீங்க இறுக்கும்போது மூத்திரப்பையோட அடிப்பக்கம் மேல எழும்புதான்னு திரையில பாக்கலாம், கீகல் அந்த காலத்துல முள்ளு வெச்சு காட்டினதுதான் இப்ப படமா தெரியுது.

உங்களுக்கு இந்த வாரத்து வேலை: பசங்களோட ஸ்கிப்பிங் குதிக்கிறத கொஞ்ச நாள் நிறுத்தி வைங்க, நடை பரவாயில்ல. கண்ணாடி வெச்சு ஒரு தடவ பாத்துடுங்க, மேல ஏறுதா பிதுங்குதான்னு. அப்புறம் பாத்ரூம் போயிட்டு வந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு, டிஷ்யூ பேப்பர மடிச்சு வெச்சுக்கிட்டு நின்னபடி மூணு தடவ பலமா இருமுங்க, நனைஞ்ச வட்டத்த பேனாவால சுத்தி கோடு போட்டு தேதி எழுதி ஒரு கவர்ல வைங்க. அதே நேரம், அதே மூணு இருமல், ஆறாவது வாரம் ஒண்ணு, பன்னெண்டாவது வாரம் ஒண்ணு. மூணு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்துட்டு ஆபரேஷன் பத்தி மறுபடி கேளுங்க.